மீன் தொட்டிக்கு இரண்டு ஆர்சிபிஓ: ஒரு மழைக்காலம் தாண்டியபின் எழுதுகிறேன்

கொளத்தூரில் வாங்கிய நான்கடித் தொட்டி எங்கள் ஹாலில் இருக்கிறது. கெனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் வடிகட்டி), ஏர் பம்ப், எல்இடி லைட், மார்கழிக் குளிருக்கு 200 வாட் ஹீட்டர். எல்லாம் சேர்ந்தும் 300 வாட்டைத் தாண்டாது. 230 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர்கூட இல்லை. ஒயர் சூடாகும் என்ற பயம் இங்கே பெரிதில்லை. என் பயமெல்லாம் தண்ணீருக்குள் கை விடுகிறவர்களைப் பற்றித்தான். எங்கள் வீட்டில் அது என் மாமியாரும் ஏழு வயது மகளும். அதற்காகத்தான் தொட்டியின் லைனில் இரண்டு ஆர்சிபிஓ போட்டோம், கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் செய்யும் சுவிட்ச் அது.

ஓவர்லோடு, ஷார்ட் ஆனால் விழுகிற எம்சிபி சுவிட்ச்தான் வீட்டில் இருக்கிறதே என்பார்கள். அது ஒயரைக் காப்பாற்றுவதற்கு. ஹீட்டர் கண்ணாடி விரிசல் விட்டுத் தண்ணீரில் கரண்ட் இறங்கினால், கை வழியாக 100 மில்லி ஆம்பியர் தரைக்குப் போனாலே உயிர் போகலாம். 6 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. ஆர்சிபிஓ பார்ப்பது வேறு கணக்கு: லைனில் போன கரண்ட் முழுசாக நியூட்ரலில் திரும்பியதா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 வினாடிக்குள் ஆஃப் செய்துவிடும். ஷார்ட், ஓவர்லோடு இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்வதால் எம்சிபி தனியாக வேண்டாம்.

'கரண்ட் கசிந்தால் மீன் செத்திருக்குமே' என்று நம்பி இருந்துவிடாதீர்கள். மின்கம்பியில் குருவி உட்கார்ந்திருப்பது போல மீன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். ஈரத்தரையில் நின்று கை வைக்கிற நமக்குத்தான் அடிக்கும்.

வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "ஒண்ணு போதுமேக்கா" என்றார். நான் இரண்டு கேட்டேன். ஃபில்டரும் ஏர் பம்பும் ஒன்றில், ஹீட்டரும் லைட்டும் இன்னொன்றில். தொட்டியில் முதலில் கெட்டுப்போகிற சாமான் பெரும்பாலும் ஹீட்டர்தான். எல்லாமே ஒரே ஆர்சிபிஓவில் இருந்தால், நாம் ஊருக்குப் போயிருக்கும்போது ஹீட்டர் கசிந்து டிரிப் ஆகும், கூடவே ஃபில்டரும் நிற்கும். திரும்பி வந்தால் மீன்கள் மிதக்கும். கார்த்திகை மழையில் அதுதான் நடந்தது, ஆனால் பாதிதான்: ஹீட்டர் லைன் மட்டும் விழுந்தது, ஃபில்டர் ஓடிக்கொண்டே இருந்தது. கழற்றிப் பார்த்தால் ஹீட்டரின் ரப்பர் மூடிக்குக் கீழே ஈரம். அந்த ஒரு நாளுக்காகவே இந்தச் செலவு தகும் என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. பொருத்தின அன்று ஃபில்டரைப் போட்டதும் டிரிப், மறுபடி போட்டாலும் டிரிப். காரணம், ஃபில்டர் பாயிண்ட்டின் நியூட்ரலைப் பொது நியூட்ரல் லிங்க்கில் (எல்லா நியூட்ரல் ஒயரும் ஒன்றாகச் சேரும் பட்டையில்) சேர்த்திருந்தார்கள். ஆர்சிபிஓவுக்குள் போன லைனின் நியூட்ரல் அதே ஆர்சிபிஓ வழியாகத்தான் திரும்ப வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் நியூட்ரல்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம் என்பதால் எலக்ட்ரீஷியனிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடையில் கேட்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று அழுத்திச் சொல்லுங்கள். 100, 300 எல்லாம் ஆளைக் காப்பாற்ற அல்ல. இன்னொன்று, பெரும்பாலும் சாதாரண ஏசி கரண்ட் கசிவை மட்டும் பார்க்கும் ஏசி டைப்பைத்தான் எடுத்துத் தருவார்கள். எல்இடி டிரைவரும் டிசி அடாப்டரும் உள்ள இடத்துக்கு, விட்டுவிட்டு வரும் டிசி கசிவையும் பிடிக்கும் ஏ டைப் நல்லது. முகப்பில் அலைக்கோட்டோடு அரை அலைகளும் வரைந்திருந்தால் அது ஏ டைப். ஐஎஸ் 12640 முத்திரையையும் பாருங்கள். இரண்டுக்கும் சேர்த்து எனக்கு ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது, கூலி தனி.

எர்த்தை மறக்க வேண்டாம். எர்த் இல்லாமலும் ஆர்சிபிஓ வேலை செய்யும்தான். ஆனால் கரண்ட் தரைக்குப் போகும் முதல் வழி உங்கள் கையாக இருக்கும். பிளக் பாயிண்ட்டைத் தொட்டிக்கு நேர் கீழே வைக்காமல் பக்கவாட்டில், கொஞ்சம் உயரமாக வையுங்கள். ஒயர் பாயிண்ட்டுக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலே ஏறட்டும். வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துகிறேன். விழவில்லை என்றால் அதை மாற்றியே ஆக வேண்டும்.

வாடகை வீட்டில் டிபி பாக்ஸை (எம்சிபிகள் இருக்கும் பெட்டியை) தொட முடியாதவர்கள், எர்த் உள்ள ஒரு பாயிண்ட்டில் செருகும் மூன்று முள் பிளக்கோடு சின்னப் பெட்டியில் இதே இரண்டையும் மாட்டி வாங்கிக்கொள்ளலாம். காலி செய்யும்போது கையோடு எடுத்துப் போகலாம். என் தங்கைக்கு அப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறோம்.