தணிக்கைத் தலைவர்: நியமனமா, தேர்தலா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், அரசுத் துறைகளைத் தணிக்கை செய்யும் மாநிலத் தணிக்கையாளர் பதவிக்குச் சட்டமன்றக் கூட்டுத் தணிக்கைக் குழு 3 பேரைப் பரிந்துரைக்கும். ஆளுநர் ஒருவரை 4 ஆண்டுக்கு நியமிப்பார். சட்டமன்ற உறுப்பினர் தணிக்கை கோரினால் குழு வாக்கெடுக்கும். குழுவுக்குப் பிடிக்காத கோரிக்கை அங்கேயே படுத்துவிடும். ஆனால் அறிக்கைக்குப் பின் 60 நாள், 6 மாதம், 1 ஆண்டு என மூன்று முறை தணிக்கைக்கு உள்ளான துறை பதில் சொல்லியாக வேண்டும். அன்றாட வேலைக்குத் தேர்தலைவிட இந்த நியமன முறையே மேல். பலவீனம் பணம்: 1990இல் வாக்காளர்கள் ஏற்ற 140ஆம் முன்மொழிவு சட்டமன்றச் செலவை வெட்டியதில், அதைச் சார்ந்திருந்த பழைய தணிக்கை அலுவலகமே 1992இல் மூடப்பட்டது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தணிக்கையாளரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டமன்றத்தையே தணிக்கை செய்யும் அதிகாரத்தையும் 2024 நவம்பரில் வாக்காளர்கள் தந்தார்கள். கோப்புகள் வந்தனவா? அதிகாரப் பிரிவினையைக் காட்டி அவைத் தலைமை மறுத்தது. அலுவலகத்துக்கான நிதியை ஒதுக்குவதும் அதே சட்டமன்றம்தான்.