ஷாட்கன்: சுடும் அறையில் தோட்டாவா, மேகசினில் மட்டுமா?

வீட்டுக் காவலுக்கு பம்ப் ஷாட்கன் (சுடுகுழலுக்குக் கீழுள்ள முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) வைத்திருப்போரில் சிலர் சுடும் அறையிலேயே, அதாவது சுடுகுழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் இடத்திலேயே, தோட்டாவை ஏற்றி வைக்கிறார்கள். சிலர் தோட்டாக்களைச் சேமிக்கும் குழல் மேகசினை மட்டும் நிரப்பி, அறையைக் காலியாக விடுகிறார்கள்.

முதல் முறையில் பாதுகாப்புப் பொத்தானைத் தள்ளினால் போதும், சுடலாம். ஆனால் பெரும்பாலான மாடல்களில் அந்தப் பொத்தான் விசையை மட்டுமே பூட்டுகிறது, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலைத் தடுப்பதில்லை. மூலையில் சாய்த்த துப்பாக்கி சரிந்து விழுந்தால் அந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கக்கூடும்.

இரண்டாவதில் முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னே தள்ள வேண்டும். பதற்றத்தில் பாதி இழுத்துத் தள்ளினால் தோட்டா அறைக்கு வராது, பயிற்சி வேண்டும். அந்தச் சத்தத்துக்கே திருடன் ஓடிவிடுவான் என்பது வெறும் நம்பிக்கை. இருந்தாலும் என் ஓட்டு இந்த இரண்டாவது முறைக்குத்தான்.

குழந்தைகள் நடமாடும் வீட்டில் எந்த முறையானாலும் பூட்டிய பெட்டகம்தான்; முன்பிடியை இழுக்கும் வலு பத்து வயதுப் பிள்ளைக்கும் இருக்கக்கூடும்.