சிவந்த நகத்துக்கு நெயில் பாலிஷா, மருதாணியா?

கல்யாணம் நெருங்கும்போது பல பெண்களுக்கு வரும் குழப்பம் இது.

நிறம்: பளீரென்ற இரத்தச் சிவப்பு பாலிஷில்தான் கிடைக்கும். மருதாணி செம்மஞ்சளில் தொடங்கி அரக்குச் சிவப்பு வரை போகும்; என் கண்ணுக்கு அந்த அரக்குதான் அழகு.

நேரம்: பாலிஷ் சில நிமிடங்களில் காயும். மருதாணிக்கு ஓர் இரவு வேண்டும்.

உழைப்பு: பாத்திரம் துலக்கும் கைகளில் பாலிஷ் சில நாள்களிலேயே நுனியில் பெயரும். அடிப்பூச்சு இல்லாமல் தொடர்ந்து சிவப்பைப் பூசினால் நகம் மஞ்சளாகும். மருதாணியிலுள்ள லாசோன் என்ற சாயமோ நகத்திலுள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு பிணைந்துவிடுவதால் பெயர்வதே இல்லை. நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். வெட்ட வெட்டத்தான் நிறம் போகும்.

நீக்குவது: பாலிஷுக்கு அசிட்டோனும் பஞ்சும் போதும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் மருதாணி வேண்டாம். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டுவதற்காக நகத்தில் பூச்சோ நிறமோ இல்லாமல் வரச் சொல்வார்கள்.

செலவு: வீட்டில் செடி இருந்தால் மருதாணிக்குக் காசே இல்லை. ‘கருப்பு மருதாணி’யை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள், அதில் பெரும்பாலும் கலக்கும் பிபிடி என்ற இரசாயனச் சாயம் தோலைப் புண்ணாக்கிவிடக்கூடும்.

ஒரு நாள் விழாவுக்கும், புடவைக்கேற்ப நிறம் மாற்றும் ஆசைக்கும் பாலிஷ். எந்நேரமும் தண்ணீரில் கை வைப்பவர்களுக்கும், தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளூ செய்பவர்களுக்கும் மருதாணி. நகத்தில் தண்ணீர் படுவதை அது தடுக்காது.