வெப்பம் ஒருபுறம், ரேம் ஒருபுறம்: அடிக்கடி முடங்கிய மடிக்கணினியும் அதன் இரண்டு கோளாறுகளும்

2020-இல் வாங்கிய மடிக்கணினியைத்தான் இன்றும் கணக்குப் பணிக்குப் பயன்படுத்துகிறேன். சேலம் அம்மாப்பேட்டையின் விசைத்தறிக் கூடங்கள் சிலவற்றுக்கும் ஏற்காட்டின் காப்பித் தோட்டங்கள் சிலவற்றுக்கும் கணக்கெழுதுவது என் தொழில். தறிகள் ஓடும் கூடத்திலும், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பனி இறங்கும் தோட்ட அலுவலகத்திலும் அதே இயந்திரம்தான் உழைக்கிறது. மூன்றாம் ஆண்டில் அது வேலையின் நடுவே முடங்கத் தொடங்கியது. ஜி.எஸ்.டி. படிவங்களுக்கு 11, 20 ஆகிய தேதிகள் நெருங்கும்போது இப்படி நேர்ந்தால் என்ன பாடு என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பழுது பார்க்கும் கடைகளில் முதலில் கிடைக்கும் ஆலோசனை, ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி நிறுவலாம் என்பதுதான். ஒரு கடையில் அதைச் செய்தும் கொடுத்தார்கள். சில வாரங்களில் பழைய நிலையே திரும்பியது. அதன் பிறகுதான் இயந்திரம் தானே எழுதிவைக்கும் குறிப்புகளைப் படிக்க உட்கார்ந்தேன். விண்டோஸில் உள்ள இவென்ட் வியூவரில், முறையாக அணைக்கப்படாத ஒவ்வொரு முறையும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு விழுகிறது. இந்த 41-ஐப் பார்த்தவுடன் அடாப்டரைக் குறை சொல்லிப் புதியது வாங்குகிறவர்கள் பலர். ஆனால் முந்தைய ஓட்டம் ஒழுங்காக முடியவில்லை என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. அதன் விவரப் பகுதியில் பக்செக்கோட் என்றொரு வரி இருக்கிறது. பார்க்க வேண்டியது அதைத்தான். அங்கே 0 இருந்தால், கடும் பிழையின்போது விண்டோஸ் காட்டும் நீலத்திரைக்குக்கூட அவகாசமின்றி மின்சாரம் நின்றிருக்கிறது, அல்லது இயந்திரம் உறைந்துபோய்ப் பொத்தானை அழுத்தி அணைக்க நேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். 26 என்றால் மெமரி மேனேஜ்மென்ட் என்ற நீலத்திரை. 80 என்றால் நினைவகப் பக்கம் ஒன்றைப் படிக்க முடியாமல் போனதைக் குறிக்கும் இன்னொன்று.

என் பதிவுகளில் 0-வும் இருந்தது, 26-உம் 80-உம் இருந்தன. ஒரே நோய் என்று எண்ணிக்கொண்டிருந்த இடத்தில் இரண்டு நோய்கள் கலந்திருக்கலாம் என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது.

அதைத் தெளிவாக்கியது ஏற்காடு. காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் மலையில்தான் எனக்கு வேலை மிகுதி. அந்தக் குளிரில் சட்டென்று அணைந்துபோகும் கோளாறு முற்றிலும் நின்றுவிட்டது. நீலத்திரை மட்டும் வழக்கம்போல் வந்தது. கீழே சேலத்தில் மின்வெட்டின்போது பேட்டரியில் நெடுநேரம் ஓடியதால், மின்சாரத்தின்மீதும் பேட்டரியின்மீதும் பழி சொல்ல இடமில்லை. ஆக, அணைந்துபோவது வெப்பத்தால். நீலத்திரை வெப்பத்தைச் சாராதது.

வெப்பத்தின் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. செயலி (பிராசசர்) 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால், தன்னைக் காத்துக்கொள்ள இயந்திரம் நின்றுவிடும். அடிமூடியைக் கழற்றியபோது, மின்விசிறிக்கும் வெப்பத்தைக் கடத்தும் உலோகத் தகடுகளுக்கும் இடையே தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தது. வெளியிலிருந்து காற்றடித்தால் அது அசைவதே இல்லை. விசிறியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டுச் செயலியின்மேல் வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டையும் புதிதாகப் பூசியபின், சித்திரை வெயிலிலும் அது திடீரென்று அணையவில்லை.

நீலத்திரைக்குத்தான் பொறுமை தேவைப்பட்டது. விண்டோஸுடன் வரும் நினைவகச் சோதனை எந்தப் பிழையையும் காட்டவில்லை. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே இயந்திரத்தைத் தொடங்கி இரவு முழுவதும் ஓடவிட்டபோது பிழைகள் சிவப்பில் வரிசையாக வந்தன. என் மடிக்கணினியில் 8 ஜி.பி. ரேம் (நினைவகம்) தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது. மற்றொரு 8 ஜி.பி. கழற்றக்கூடியது. பேட்டரி இணைப்பைத் துண்டித்து, கழற்றக்கூடியதை எடுத்துவிட்டுச் சோதித்தேன், பிழை இல்லை. அத்துடன் நிறுத்தியிருந்தால் பழுது ரேமிலா, அது பொருந்தும் ஸ்லாட்டிலா என்பது தெரியாமலே போயிருக்கும். ஆகவே நண்பரிடம் இரவல் வாங்கிய ரேமை அதே ஸ்லாட்டில் பொருத்தி மீண்டும் ஓடவிட்டேன்; அப்போதும் பிழை இல்லை. பழுது பழைய ரேமில்தான் என்று உறுதியான பிறகே புதியது வாங்கினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். ஃபார்மட், புதிய ரேம், புதிய அடாப்டர் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால், சரியானாலும் எது சரிசெய்தது என்று தெரியாது.

நின்றுபோவதைவிட எனக்குக் கவலையளித்தது வேறொன்று. பழுதான ரேம், நீலத்திரை வராத நேரத்திலும் ஓர் எழுத்தையோ எண்ணையோ தவறாக மாற்றிவிடக்கூடும். அந்தத் தவறு அப்படியே வட்டில் பதிவாகும், பேக்கப்பிலும் சேரும். அதனால் முதல் நீலத்திரைக்கு முந்தைய பேக்கப்பை எடுத்துவைத்து, அதற்குப் பிந்தைய ஒவ்வொரு மாதத்தின் இருப்பையும் வங்கிக் கணக்கோடும் காகித ரசீதுகளோடும் ஒப்பிட்டேன். பெரிய வேலைதான், ஆனால் பிறருடைய கணக்கைக் கையில் வைத்திருப்பவர் இதைத் தவிர்க்கக் கூடாது. விண்டோஸின் கோப்புகளையும் எஸ்எஃப்சி கட்டளையால் சரிபார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பின் நீலத்திரை வரவில்லை. தறிக்கூடங்களுக்குப் போவது தொடர்வதால், பங்குனி பிறக்கும் முன் அடிமூடியைத் திறந்து பஞ்சை எடுத்துவிடுகிறேன். விசிறியின் பேரிங் இப்போது லேசாக இரையத் தொடங்கியிருக்கிறது; அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது அதையும் மாற்ற வேண்டும்.