மூன்று சக்கர ஸ்ட்ரோலர்: காற்று டயரா, ஃபோம் டயரா?

குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிச் செல்ல மூன்று சக்கர ஸ்ட்ரோலர்தான் என்று முடிவான பிறகு பலரும் நிறத்தையும் கப் ஹோல்டரையும்தான் பார்க்கிறார்கள். முதலில் டயரைப் பாருங்கள்.

காற்று டயர் ஜல்லிப் பாதையிலும் புல்தரையிலும் குலுக்கலைத் தானே வாங்கிக்கொள்ளும். தூங்கும் குழந்தை சட்டென்று விழிக்காது. ஆனால் முள் குத்தினால் பஞ்சர். ஒரு சக்கரத்தில் காற்று குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். வாங்கும்போதே வால்வைக் கவனியுங்கள்: சாதாரண சைக்கிள் பம்ப் பொருந்தினால் பாதித் தலைவலி தீர்ந்தது.

ஃபோம் டயரில் காற்றுக்குப் பதில் நுரைப்பஞ்சு இருப்பதால் பஞ்சரே கிடையாது. கடை, லிஃப்ட், நல்ல நடைபாதை என்று சமதளத்திலேயே புழக்கம் என்றால் இது தாராளமாகப் போதும். மேடுபள்ளத்தில் மட்டும் கடகடவென்று அதிரும்.

குழந்தையோடு ஜாகிங் போக ஆசையா? அப்போது யோசனையே வேண்டாம், காற்று டயர்தான். அதுவும் ஓடுவதற்கென்றே தயாரித்த மாடலாக இருக்க வேண்டும். முன்சக்கரம் திரும்பாதபடி லாக் செய்து, வண்டியோடு வரும் பாதுகாப்புப் பட்டையை உங்கள் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைக்குத் தலை நன்றாக நின்று, குறைந்தது 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் இன்னும் கூடுதலாகவே சொல்கிறார்கள்.

எந்த டயரானாலும் கைப்பிடியில் கனமான பையைத் தொங்கவிடாதீர்கள், வண்டி பின்பக்கம் சாய்ந்துவிடும்.