வினாகிரிப் போத்தலை நம்பி வீட்டைத் துடைக்கலாமா?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்து வீடுகளில் குளியலறை ஜன்னல் ஆண்டின் பெரும்பகுதியும் மூடியே கிடக்கும். குளிருக்குப் பயந்து மூடிய அந்தச் சிறிய அறைக்குள் குளோரின் கலந்த திரவத்தையோ கடுமையான கழிப்பறை அமிலத்தையோ ஊற்றினால், நெடி வெளியேற வழியின்றி வீடு முழுவதும் பரவுகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளையோ முதியவரோ இருக்கும் வீட்டில் அன்றிரவு இருமலோடுதான் கழியும். அதனாலேயே எங்கள் வீட்டில் சுத்தம் செய்யும் வேலைகள் பலவற்றைப் பலசரக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண வினாகிரிக்கு மாற்றினோம். மாற்றியது நல்லதே என்பது என் முடிவு. ஆயினும், வினாகிரி எல்லாவற்றையும் சுத்தம் செய்யும் என்று அடித்துச் சொல்பவர்கள் மலையக வீடு ஒன்றைத் துடைத்துப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

முதலில், எந்தப் போத்தலை வாங்குவது என்பதைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். தென்னங்கள்ளைப் புளிக்கவைத்துத் தயாரிக்கும் தென்னை வினாகிரி சற்று மங்கிய நிறமும் தனக்கே உரிய வாசனையும் கொண்டது. மற்றது, அசற்றிக் அமிலத்தை நீரில் கலந்து தயாரிக்கும் செயற்கை வினாகிரி. தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும், விலையும் குறைவு. இரண்டிலும் அழுக்கை எடுப்பது ஏறக்குறைய 4 சதவீத அளவில் உள்ள அதே அமிலம்தான் என்பதால், கண்ணாடி துடைக்கத் தென்னை வினாகிரியைச் செலவழிப்பது வீண். இயற்கையானது என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி அதைக் குளியலறையில் தெளிப்பவர்களைக் கண்டால், அந்தப் போத்தலில் எவ்வளவு அச்சாறு போட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மலையகத்தில் இதன் உண்மையான பயன் பூஞ்சணத்தில் தெரிகிறது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் அலுமாரியின் பின்பலகையில் முதலில் வெள்ளைப் புள்ளிகளாகவும், சில வாரங்களில் விரலில் ஒட்டும் சாம்பல் பச்சைத் தூளாகவும் பூஞ்சணம் படர்கிறது; உள்ளே வைத்த தோல் சப்பாத்தும் கைப்பையின் வாரும்கூடத் தப்புவதில்லை. வார்னிஷ் பூசிய பலகையானால், பழைய சாரத்துணியைத் தண்ணீர் கலக்காத வினாகிரியில் நனைத்துப் பிழிந்து துடைத்து, ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு ஈரத்துணியாலும் உலர்ந்த துணியாலும் துடைத்தால் பூஞ்சணமும் அந்தப் புழுங்கிய வாடையும் போய்விடுகின்றன. வார்னிஷ் மங்குகிறதா என்று பின்பக்க மூலையொன்றில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. எல்லா வகைப் பூஞ்சணமும் வினாகிரிக்கு மடிவதில்லை. மடிந்தாலும், சுவரின் ஈரம் இருக்கும்வரை திரும்பி வரும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் இரண்டாம் முறை துடைக்கும் வேலை வெகுவாகக் குறைகிறது.

சுண்ணாம்பு பூசிய சுவரில் மட்டும் இதைத் தெளிக்கவே கூடாது. பழைய லயன் வீடுகளின் சுவர்கள் பலவும் அப்படிப்பட்டவை. காய்ந்த சுண்ணாம்பு என்பது கல்சியம் காபனேற்று. அமிலம் பட்டவுடன் நுரைத்துக் கரைந்து, பூஞ்சணத்தோடு பூச்சும் சேர்ந்து வந்துவிடும். அத்தகைய சுவரை உலரவிட்டுச் சுரண்டி, புதிதாகச் சுண்ணாம்பு அடிப்பதே சரி. புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மையே பூஞ்சணத்தை அண்டவிடாது.

வினாகிரியின் பெயர் பெற்ற திறமை கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவை அகற்றுவது. யாழ்ப்பாணத்து உறவினர்கள் இதைப் புகழ்வதில் வியப்பில்லை: குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது, அங்குள்ள கிணற்று நீர் கடினமானது. ஆனால் ஹட்டன், நுவரெலியா பக்கத்து ஊற்றுநீர் பெரும்பாலும் மென்னீர் என்பதால், எங்கள் கேத்தலில் கரைப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. மாத்தளையிலும் திகனப் பக்கத்திலும் நிலைமை வேறு. தேயிலை மலைகளுக்கு இடும் டொலமைட் வெட்டியெடுக்கப்படும் மண் அது. அங்கே சுண்ணக்கல் பாறைகளின் ஊடாக வரும் நீர் கேத்தலில் நன்றாகவே படியும். அந்தப் பகுதி வாசகர்கள் சம அளவு வினாகிரியும் தண்ணீரும் ஊற்றிக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பின்னர் வெறும் தண்ணீரை இருமுறை கொதிக்கவைத்து ஊற்றிவிட்டால் போதும். எங்களைப் போன்றவர்களுக்கு பிளாஸ்கின் உட்புறத் தேநீர்க் கறையே மிச்சம்; அதற்குச் சிறிது வினாகிரியும் ஒரு பிடி அரிசியும் போட்டுக் குலுக்குவது நல்ல பலன் தருகிறது. ஜன்னல் கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டியின் உட்புறம், குழாயடித் துருக்கறை ஆகியவற்றுக்கும் குறை சொல்ல இடமில்லை.

சமையலறைப் பிசுக்கில்தான் வினாகிரி தோற்றுப்போகிறது. விறகடுப்பின் புகைக்கரியும் எண்ணெயும் சேர்ந்து சுவரிலும் சட்டியின் அடியிலும் படியும் கருமையை அமிலம் அசைப்பதில்லை. அதற்குச் சவர்க்காரமோ, காரத்தன்மை உள்ள வேறு பொருளோ வேண்டும். “பிசுக்கு போகணும்னா சாம்பல் போட்டுத் தேய், இந்தப் புளிச்ச தண்ணி எதுக்கு?” என்று என் மாமியார் கேட்டது இரசாயனப்படியும் சரியே. விறகுச் சாம்பலில் உள்ள காரம் எண்ணெயோடு சேர்ந்து அதைக் கழுவக்கூடியதாக மாற்றுகிறது. தேங்காய்த் தும்பு மிச்ச வேலையைப் பார்க்கிறது. குத்துவிளக்குக்கும் அவர் புளியையே எடுக்கிறார். வினாகிரியும் உப்பும் பித்தளையைத் துலக்கத்தான் செய்கின்றன, ஆனால் புளியிலும் அமிலம் இருக்கும்போது அதற்காக ஒரு போத்தலைத் திறக்கத் தேவையில்லை. வினாகிரியோடு அப்பச்சோடாவைக் கலந்து பொங்கவிட்டுத் துடைக்கும் பிரபலமான முறையும் ஏமாற்றமே தருகிறது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட, நுரை அடங்கியபின் எஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான்.

தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிவப்புப் பொலிஷ் பூசிப் பளபளக்கவைத்த சீமெந்துத் தரை இன்னும் பல மலையக வீடுகளின் பெருமை. பண்டாரவளையில் உறவினர் வீடொன்றில் தரைக்கு வினாகிரி கலந்த தண்ணீரைத் தொடர்ந்து பயன்படுத்தியதில், வாசலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடைப்பட்ட பாதை பொலிஷ் மங்கி, சொரசொரப்பாகிவிட்டது. சீமெந்திலும் சுண்ணாம்புச் சேர்மங்கள் இருப்பதால் அமிலம் அதையும் அரிக்கும். மாபிளுக்கும் டெரசோவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மெருகிட்ட தரை ஓடுகளுக்கு, நன்றாக நீர் கலந்து, ஓடுகளுக்கு இடையிலான சீமெந்துக் கோட்டில் தேங்கவிடாமல் துடைத்தால் பாதகமில்லை.

கழிப்பறையில் இது வாடையைக் குறைக்கும், இலேசான மஞ்சள் கறையை இரவு முழுவதும் ஊறவிட்டால் தளர்த்தும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. வினாகிரி நம்பகமான கிருமிநாசினி அல்ல. வயிற்றுப்போக்கு உள்ளவர் பயன்படுத்திய கழிப்பறைக்கும் கோழி இறைச்சி வெட்டிய பலகைக்கும் சவர்க்காரமும் அதன்பின் அளவாகக் கரைத்த குளோரினுமே தேவை. அந்த இரண்டாவதை எடுக்கும் நாளில் வினாகிரிப் போத்தல் அருகில்கூட இருக்கக் கூடாது: குளோரின் கரைசலிலோ ப்ளீச்சிங் பவுடரிலோ அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும், மூடிய ஜன்னல் உள்ள அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

எனவே, ஜன்னலுக்கும் அலுமாரிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் ஒரு பெரிய போத்தல் செயற்கை வினாகிரி போதும். வாங்கும்போது லேபிளையும் காலாவதித் திகதியையும் பார்க்கவும், தெளிப்பான் போத்தலில் ஊற்றினால் அதன்மேல் பெயரை எழுதி ஒட்டவும். யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பாலை உறையவைக்கப் பயன்படும் அடர்ந்த அமிலத்தைச் சிலர் இலாபம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து நீர் கலந்து பயன்படுத்துவதுண்டு. அந்த அமிலம் தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பலசரக்குக் கடைப் போத்தலின் விலை அதை விட மலிவானதுதான்.