கை பட்டால் எழுத்து உதிர்கிறதா? காட்ரிஜ் வாங்கிவிடாதீர்கள்

வெள்ளவத்தையில் வீட்டிலேயே ஓ.எல். பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் என் லேசர் பிரிண்டரில் வினாத்தாள்கள் கறுப்பாக, தெளிவாகத்தான் வந்தன. ஆனால் கை பட்டதும் எழுத்து தூளாக உதிர்ந்தது. ஒரு பிள்ளையின் வெள்ளைச் சீருடையெல்லாம் கரி.

பம்பலப்பிட்டிப் பக்கம் திருத்தும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "கடல் காத்துக்கு டிரம்மில சார்ஜ் நிக்காது அண்ணை, காட்ரிஜ் மாத்தோணும்" என்றார். (டிரம் என்ற உருளையும் மைத்தூளும் உள்ள பெட்டிதான் காட்ரிஜ்.) 14,500 ரூபா. இரண்டு நாளில் அதே கதை. "அப்ப சார்ஜ் குடுக்கிற சர்க்கிட் போர்ட்தான்" என்று இன்னுமொரு 9,000. மூன்றாம் தடவை, புது பிரிண்டரே வாங்கச் சொன்னார்!

கொட்டாஞ்சேனையில் போட்டோக்கொப்பி மெஷின் திருத்தும் வயதானவர் ஒருவர் தாளைப் பார்த்ததுமே சிரித்தார். "எழுத்து வடிவா வந்திருக்குத்தானே, பிறகு சார்ஜில என்ன பிழை?"

அவர் விளக்கியது இதுதான். டிரம் முழுவதும் நிலைமின் (அதுதான் அந்த 'சார்ஜ்') ஏற்றப்படும். லேசர் பட்ட இடத்தில் மட்டும் அது வடிந்துவிடும். டிரம்மின் அதே வகை மின்னேற்றம் உள்ள டோனர் தூள், மற்ற இடங்களில் விலக்கப்பட்டு, லேசர் வரைந்த எழுத்தில் போய் ஒட்டும். தாளுக்குப் பின்னால் எதிர் மின்னேற்றம் கொடுத்ததும் தூள் தாளுக்குத் தாவும். நிலைமின்னின் வேலை அத்தோடு சரி. தூளை உருக்கிப் பதிப்பது பியூசர். ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூடு. 1938இல் போட்டோக்கொப்பி முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சனும் அவரது உதவியாளரும் எடுத்த முதல் பிரதியிலும் இப்படித்தான்: கந்தகம் பூசிய தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றியவர்கள், கடைசியில் மெழுகுத்தாளைச் சூடாக்கித்தான் தூளைப் பதித்தார்கள்.

சார்ஜில் கோளாறு என்றால் எழுத்து மங்கும், அல்லது தாள் முழுக்கச் சாம்பல் படரும். தெளிவாக வந்து உதிர்ந்தால் முதலில் பியூசரைப் பார்க்கச் சொல்லுங்கள். (பொருந்தாத தூளை நிரப்பினாலும் உதிரும், அதையும் கேளுங்கள்.) எனக்குப் பியூசரின் பிலிம் (தாளுக்குச் சூட்டைக் கொடுக்கும் மெல்லிய உறை) கிழிந்திருந்தது. 6,500 ரூபாவோடு முடிந்தது.

முதல் கடையில் காசைத் திருப்பிக் கேட்டேன். பாதித் தூள் இருந்த என் பழைய காட்ரிஜையும் கேட்டேன். அதைக் குப்பையில் போட்டாயிற்றாம். காசுக்கு பில்லைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதில் 'சேர்விஸ்' என்ற ஒரே சொல்தான் எழுதியிருந்தது.